இரவல் மேனி

விந்துப் பரிசோதனை அறிக்கை என்று ஆய்வுக்கூடங்களில் தரும் ஒற்றைத் தாளில் எழுதியிருப்பதைக் காட்டிலும், அதில் எழுதப்படாமல் நின்றுபோவது என்ன என்னும் விசாரமே நெடுநாளாக என் மனத்தை விட்டு அகலாமல் இருந்துவருகிறது. ஒரு மில்லி லிட்டரில் எத்தனை விந்தணுக்கள் இருக்கின்றன, அவற்றில் நூற்றுக்கு எத்தனை முன்னோக்கி நீந்துகின்றன, எத்தனைக்குத் தலையும் கழுத்தும் வாலும் லட்சணமாக அமைந்திருக்கின்றன என்பதோடு அந்தத் தாளின் ஞானம் முடிந்துவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேடு மில்லி லிட்டருக்கு 1.6 கோடி என்பதைக் கீழ் எல்லையாகக் குறிக்கிறது. அந்த எல்லைக்கு மேல் நிற்கிறவனுடைய தாளில் இயல்பானது என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தை வீடு வந்து சேர்ந்ததும், பிள்ளையில்லாத குறை முழுவதையும் பெண்ணின் தலைமேல் இறக்கிவைப்பதற்கு மாமியாருக்கும் ஊராருக்கும் விஞ்ஞானத்தின் சாட்சியமே கிடைத்துவிட்டதுபோல் ஆகிவிடுகிறது. பரிசோதித்தவர் பொய் எழுதவில்லை. அவர் எண்ணியவை எல்லாம் உண்மையாகவே இருந்தவை. ஆனால் எண்ணிக்கைக்கும் வேகத்துக்கும் வடிவத்துக்கும் அகப்படாமல், அந்த அணுவின் வெளிப்புறத்தில் படிந்துகிடக்கும் மெல்லிய மேனி ஒன்று உண்டு. அதைப் பற்றி யோசிக்குந்தோறும், நாம் விந்தணு என்று எதைக் குறிப்பிட்டு வந்திருக்கிறோம் என்பதே எனக்குச் சந்தேகமாகிவிடுகிறது.

அந்த மேனி சர்க்கரைச் சங்கிலிகள் அடர்ந்து தொங்கும் புரதங்களால் ஆனது. அதில் முக்கியமான ஒன்று, டிஃபென்சின் வகையில் 126 என்று எண்ணிடப்பட்ட புரதம். கிருமிகளைக் கொல்வதற்கென்று உடம்பு உற்பத்தி செய்யும் புரதங்களின் குடும்பத்தில் பிறந்து, ஆணின் உட்பாதையில் முற்றிலும் வேறான உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டது அது. கருப்பையின் வாயில் தேங்கியிருக்கும் கெட்டியான சளியை விந்தணு ஊடுருவிச் செல்வதற்கு அதன் சர்க்கரை நுனிகள் துணைபுரிகின்றன. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் டோல்னரும் அவருடைய சகாக்களும் செய்து 2011-இல் பிரசுரித்த ஆராய்ச்சியைப் படித்தபிறகுதான் அந்த ஒற்றைத் தாள் எனக்கு நிம்மதி தராத பொருளாயிற்று. இந்தப் புரதத்துக்குரிய மரபணுவில் இரண்டே இரண்டு எழுத்துகள் விடுபட்டுப்போன பிரதி ஒன்று உண்டு. ஐரோப்பியரிடத்திலும் சீனரிடத்திலும் அது ஏறக்குறைய சரிபாதியளவுக்குப் பரவியிருக்கிறது. ஆகையினால் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் அந்தக் குறையுள்ள பிரதியையே பெற்றுப் பிறக்கும் ஆண்கள் அச்சமூகங்களில் ஐந்துக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களுடைய விந்தணுக்கள் நீந்துவதில் சோர்வில்லை, உருவத்தில் கோணலில்லை. ஆயினும் கருப்பைவாய்ச் சளிக்குப் பதிலாக வைத்த ஹயலுரானிக் அமிலக் கூழில் அவற்றை விட்டபோது, ஊடுருவும் வேகம் நூற்றுக்கு 84 பங்கு குறைந்துபோயிற்று. குழந்தை வேண்டி இயற்கையாகவே முயன்றுகொண்டிருந்த தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்ததில், கணவன் இவ்வகையைச் சேர்ந்தவனாக இருந்த வீடுகளில் கர்ப்பம் தரிப்பது அரிதாகவும், பிள்ளை பிறக்கத் தாமதம் அதிகமாகவும் காணப்பட்டது. தாமதத்துக்குக் காரணம் கணவனின் அணுக்கள்மேல் படியாமற்போன ஒரு பூச்சாக இருக்கலாம் என்று அந்த வீடுகளில் யார் நினைத்துப் பார்த்திருக்கக்கூடும்?

இந்தப் பூச்சை விந்தணு தானே உண்டாக்கிக்கொள்வதில்லை என்பதுதான் இதில் நான் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும் இடம். விந்தகத்தில் இரண்டு மாதங்களுக்கும் மேலாக உருவாகிவரும் அந்த அணு, கடைசிக் கட்டத்தில் தன் உடலிலிருந்த சத்துநீரில் பெரும்பகுதியை உதறிவிடுகிறது, அதன் டி.என்.ஏ. இழைகளைத் தளர்வாகச் சுற்றிவைத்திருந்த புரதங்களில் பெரும்பாலானவை நீங்கி, புரோட்டமின் என்னும் வேறு புரதங்கள் வந்து அவற்றை இறுக்கிக் கட்டிவிடுகின்றன. அந்தக் கட்டுக்குப் பிறகு அதன் மரபணுக்களில் ஒன்றுகூட வாசிக்கப்படுவதில்லை. ஒரு தலைமுறையின் முழு வித்தையையும் சுமந்துகொண்டிருக்கும் ஜீவ அணு, அந்த வித்தையில் ஓர் எழுத்தைக்கூடத் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள முடியாத ஸ்திதியில் விந்தகத்தை விட்டு வெளியேறுகிறது. அப்போது அதற்கு முன்னேறி நீந்தத் தெரியாது. கருமுட்டையைச் சேரவும் இயலாது. எபிடிடிமிஸ் என்னும் சுருள்நாளத்துக்குள் அது தள்ளப்படுகிறது. உடம்புக்கு வெளியே பிரித்து நீட்டினால் மனிதனில் சுமார் 6 மீட்டரும் குதிரையில் ஏறக்குறைய 80 மீட்டரும் வரும் அந்த ஒற்றைக் குழாய், மனிதனிடத்தில் சுண்டுவிரல் நீளத்துக்குள் மடங்கிச் சுருண்டு அடங்கியிருக்கிறது. தன் நீளத்தைப் போல் ஒரு லட்சம் மடங்கு தூரத்தை அந்த அணு, தானாக ஒரு வாலசைப்பும் இன்றி, நாளத்தின் தசைகள் நெருக்கி நகர்த்துவதால் மட்டுமே இரண்டு நாள் முதல் பன்னிரண்டு நாள் வரையில் கடந்துசெல்கிறது. வழியில் சுவர்களின் செல்கள் சுரக்கும் புரதங்கள் பகுதிக்குப் பகுதி வேறுபடுகின்றன. முதலில் படிந்தது பிறகு வெட்டப்படுகிறது, பிறகு படிந்தது முன்னதை மறைக்கிறது. சில புரதங்கள் திரவத்திலேயே கரைந்து வந்து ஒட்டிக்கொள்ள, வேறு சில நுண்ணிய கொழுப்புக் குமிழிகளில் ஏறிவந்து, குமிழியும் அணுவும் ஸ்பரிசிக்கும் இடத்தில் சவ்வுக்குள் இறங்கிக்கொள்கின்றன. இருட்டும் ஈரமும் தவிர வேறொன்றும் இல்லாத அந்தப் பாதையில் நடப்பது அத்தனையும் தொடுதல்தான்.

இதை மனிதர்கள் நம்புவதற்கு நெடுங்காலம் பிடித்தது. 1931-இல் வில்லியம் யங் என்னும் அமெரிக்கர், கினியாப் பன்றிகளின் சுருள்நாளத்தை இடையிடையே கட்டி நிறுத்திப் பரிசோதித்துவிட்டு, விந்தணு பக்குவமடைவது அதன் சுபாவத்திலேயே அடங்கிய காரியம் என்றும், நாளம் அதற்குக் காலத்தையும் இடத்தையும் கொடுப்பதைத் தவிர வேறு உதவி செய்யவில்லை என்றும் நிர்ணயித்தார். 1967-இல் பெட்ஃபோர்டும், மேரி கிளேர் ஓர்ஜெபான் கிறிஸ்டும் முயல்களிடத்தில் தனித்தனியே நடத்திய சோதனைகளுக்குப் பிறகே அந்த நிர்ணயம் தளர்ந்தது: நாளத்தின் மேற்பகுதியிலேயே கட்டி நிறுத்திவைத்த அணுக்களுக்கு வயதேறியும், அசைவு வந்தும்கூட, கருவுறுத்தும் திறன் வந்து கூடவில்லை. 1976-இல் புவனோஸ் ஐரிஸ் நகரத்தில் கமேயோவும் பிளாக்கியேரும், எலியின் சுருள்நாளம் ஆண்மை ஹார்மோனுக்குக் கட்டுப்பட்டுச் சுரக்கும் தனிப் புரதங்களைக் கண்டார்கள். பின்னாளில் கிரிஸ்ப் என்று பெயர்பெற்ற அந்தப் புரதத்தின் ஒரு பகுதி அணுவின்மேல் தளர்வாகவும், மற்றொரு பகுதி இறுக்கமாகவும் படிவதாகவும், தளர்ந்து நின்றது பெண்ணுடம்பில் உதிர்ந்துவிட, இறுகி நின்றது முட்டையோடு கலக்கும் தருணத்துக்குத் துணைநிற்பதாகவும் பிறகு தெரியவந்தது. யங் கண்டது பொய்யென்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் வருவதில்லை. காலம் கழிவதும் அணுவுக்கு வேண்டியிருக்கிறது. ஆயினும் தனக்குள்ளேயே பூர்த்தியான ஒரு வஸ்து, இருந்த இடத்தில் இருந்தபடியே தானாக முதிர்ந்துவிடுகிறது என்னும் சித்திரத்தில் நமக்கு ஏதோ ஓர் ஆறுதல் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது முப்பது நாற்பது ஆண்டுகள் அவ்வளவு சௌகரியமாக நிலைத்திருக்காது.

அந்த ஆறுதலின் பூர்வீகம் மிகவும் பழையது. 1677-இல் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக் தம் கண்ணாடி வில்லையின் வழியாக விந்துத் துளியில் நெளியும் ஜீவன்களைக் கண்டு லண்டனுக்குக் கடிதம் எழுதியபிறகு, அந்த ஜீவன்களுக்குள்ளேயே முழு மனிதன் சுருங்கி உட்கார்ந்திருப்பதாக நம்பியவர்கள் ஐரோப்பாவில் பலர். 1694-இல் ஹார்ட்சூக்கர் வரைந்து காட்டிய, முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கும் சிறு மனித உருவத்தைப் படத்தில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நம் தேசத்திலும் பீஜம், க்ஷேத்திரம் என்று பிரித்து, வித்தே பிரதானம், நிலம் அதைத் தாங்குவது மாத்திரம் என்று வாதித்த சாஸ்திரக்காரர்கள் உண்டு. நடுவில் 18-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஸ்பாலன்சானி, தவளைகளின் விந்துவை வடிகட்டி, வடிந்த நீர் முட்டையைக் கருவுறச் செய்யவில்லை என்றும், தாளில் தங்கிய வண்டலே செய்தது என்றும் தம் கண்ணாலேயே கண்டுவிட்டு, அப்படியும் நெளியும் ஜீவன்களுக்கு அந்தப் பெருமையைத் தர மறுத்துத் திரவத்தின் பக்கமே நின்றார் என்பது சரித்திரத்தின் விசித்திரங்களில் ஒன்று. 1824-இல் பிரெவோவும் தூமாவும் அணுவின் பக்கம் தீர்ப்பை எழுதியதிலிருந்து திரவம் கௌரவம் இழந்தது. அணு நீந்துவதற்கு வேண்டிய வெறும் நீராக அது எண்ணப்பட்டது. 1946-இல் கேம்பிரிட்ஜில் தடேயஸ் மான், விந்துவில் இருக்கும் சர்க்கரை ஃபிரக்டோஸ் என்று காட்டியபோதுகூட, அணுவுக்கு ஆகாரம் தரும் பணிவிடைக்காரன் என்னும் ஸ்தானத்துக்குத்தான் திரவம் உயர்ந்தது. ஸ்பாலன்சானியின் பிடிவாதத்தில் ஓர் உண்மையின் சாயல் இருந்ததோ என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. திரவத்தின் கைபடாத அணு தன் பயணத்தை முடிக்க வல்லதாக இல்லை.

ஆனால் அணுவை ஒன்றுக்கும் உதவாத பேதையாகவும் சித்திரித்துவிட முடியாதபடி, 2020-இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. சுண்டெலியின் விந்தகத்தில், விந்தணுவாக ஆகிக்கொண்டிருக்கும் செல்களே நெல்-2 என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அது விந்தகத்திலிருந்து வடியும் நீரோடு மிதந்துபோய்ச் சுருள்நாளத்தின் முதற்பகுதியில் ராஸ்-1 என்னும் ஏற்பியைத் தொடுகிறது. தொட்டபிறகுதான் அந்தச் சுவரின் செல்கள் பருவமெய்தி, ஓவ்ச்-2 என்னும் வெட்டும் புரதத்தைச் சுரக்கத் தொடங்குகின்றன. அந்த வெட்டுப் புரதமே பின்னால் வந்துசேரும் விந்தணுவின் மேலிருக்கும் அடாம்-3 என்னும் புரதத்தைச் செதுக்கிச் சரிசெய்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அற்றாலும், விந்தணு நன்றாக நீந்திக் கருப்பைக்குள் சென்றாலும் கருக்குழாயின் வாசலைத் தாண்ட இயலாமல் நின்றுவிடுகிறது. இன்ன நாள் வருகிறேன் என்று முன்கூட்டியே கடிதம் போட்டுவிட்டுப் புறப்படும் உறவினரைப் போல, அணு தனக்கு வேண்டிய உபசாரத்துக்குத் தானே சொல்லியனுப்பியிருக்கிறது. சொல்லியனுப்பியது இன்னும் பிறவாத அணு என்பதும், கடிதம் எழுதிய செல் வேறு, உபசாரம் பெறப்போகும் செல் வேறு என்பதும் இதில் என்னை உருக்கும் அம்சங்கள். கொடுத்தவன் யார், பெற்றவன் யார் என்று பிரித்து எழுத முடியாத ஒரு கணக்கு அந்த இருட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

பிரித்து எழுத முடியாமை இன்னும் ஆழமாகவும் போகிறது. நோய் எதிர்ப்புச் சக்தி தன்னுடையது இது, அந்நியம் இது என்று கற்றுக்கொள்வது குழந்தைப் பருவத்தில். விந்தணு தோன்றுவதோ அதற்கு வெகுகாலம் கழித்து. ஆகவே தான் பிறந்த உடம்புக்கே அது அந்நியம். விந்தகத்திலும் சுருள்நாளத்திலும் செல்கள் நெருங்கிக் கட்டிய தடுப்புச் சுவர்களுக்குப் பின்னால்தான் அது ஜீவித்திருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்காக விந்துக் குழாயை அறுத்துக் கட்டிக்கொண்ட ஆண்களில் பாதிப் பேருக்கு மேல், தங்கள் விந்தணுவுக்கே எதிர்ப்பொருள் தங்கள் ரத்தத்தில் உண்டாகிவிடுகிறது. இந்த அபாயத்தின் நடுவே, வெள்ளணுக்களின் மேல் இருக்கும் சி.டி.-52 என்ற புரதத்தை, பன்னிரண்டே அமினோ அமிலங்கள் நீளமுள்ள அந்தத் துணுக்கை, சுருள்நாளத்தின் செல்களும் உற்பத்தி செய்து விந்தணுவின் சவ்வில் கொண்டுபோய் நடுகின்றன. காவற்காரர்கள் அணியும் அடையாளத்தைக் காவலுக்குத் தப்பவேண்டியவன்மேல் அணிவித்தாற்போன்ற இந்தக் காரியத்தை எண்ணிப் பரவசப்பட்டுக்கொண்டிருக்கையிலேயே, அதன் மறுபக்கமும் வந்து நிற்கிறது: குழந்தைப்பேறு இல்லாத சில பெண்களின் ரத்தத்தில், விந்தணுவை அசைவற்றுப் போகச் செய்யும் எதிர்ப்பொருள்கள் காணப்படுகின்றன, அவை பற்றிக்கொள்ளும் இடம், ஆணின் உட்பாதையில் மட்டும் அந்தத் துணுக்கின்மேல் சேரும் பிரத்தியேகமான சர்க்கரைப் பகுதி. பாதுகாப்புக்காகப் பூசியதே பிடிபடுவதற்கும் இடமாகிவிடுகிறது. சுண்டெலிகளிடத்திலோ, விந்துப்பை சுரக்கும் எஸ்.வி.எஸ்.-2 என்ற புரதம் இல்லாமற்போனால், உள்ளே சென்ற அணுக்களைக் கருப்பையே கொன்றுவிடுகிறது என்று ஜப்பானில் 2014-இல் காட்டினார்கள். அன்னையாகப்போகும் உறுப்பு அப்படிக் கொல்வதில் குரூரம் ஒன்றுமில்லை என்றாலும், படித்த அன்று என்னால் வேறொன்றிலும் மனத்தைச் செலுத்த முடியவில்லை.

இத்தனை புரதங்களும் செய்யும் உபகாரம் என்னவென்று கூட்டிப் பார்த்தால், அவற்றில் பெரும்பங்கு அணுவைத் தடுத்து நிறுத்துவதாகவே இருக்கிறது என்பதை நான் மிகவும் தயங்கித்தான் ஒப்புக்கொண்டேன். 1951-இல் அமெரிக்காவில் எம். சி. சாங்கும் ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டினும் ஒருவரையொருவர் அறியாமலே, புதிதாக வெளிப்பட்ட விந்தணு முட்டையை உடனே கருவுறச் செய்யாது, பெண்ணுடம்பில் சில மணிநேரம் தங்கிய பிறகே அந்தத் திறன் அதற்கு வருகிறது என்று கண்டார்கள். 1957-இல் சாங் இன்னொரு படி சென்றார்: திறன் வந்துவிட்ட முயல் விந்தணுக்களை எடுத்து மறுபடியும் விந்துத் திரவத்தில் தோய்த்தபோது, வந்த திறன் போய்விட்டது. அழிந்துபோயிற்று என்று சொல்ல முடியாது; பெண்ணுடம்பில் மீண்டும் தங்கவைத்தால் அது மீண்டும் வந்தது. தந்தையின் திரவம் அணுவின் காதில் சொல்லிக்கொண்டே இருப்பது, இப்போது வேண்டாம் என்பதுதான். மனிதரில் இந்தத் தடை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தூலமானது. விந்துப்பையிலிருந்து வரும் செமினோஜெலின் என்னும் புரதம், வெளிப்பட்ட சில கணங்களில் திரவம் முழுவதையும் கொழகொழத்த கட்டியாக இறுக்கிவிடுகிறது; புராஸ்டேட் சுரப்பியிலிருந்து வரும் ஸ்பெர்மினின் காரமான வாடையோடு அது பளபளத்துக் கிடக்கையில், உள்ளே அணுக்கள் அசையாமல் சிக்கியிருக்கின்றன. ஒவ்வோர் அணுவின் மேலும் எப்பின் என்ற புரதம் ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது. செமினோஜெலின் வந்து அதைப் பிடித்ததும் அணுவின் ஓட்டம் நின்றுபோகிறது. பிறகு கால்மணி அரைமணிக்குள், பி.எஸ்.ஏ. என்னும் வெட்டும் புரதம் அந்தக் கட்டியைத் துண்டுதுண்டாக நறுக்கிக் கரைக்க, அணுக்கள் விடுதலை பெறுகின்றன. முதிய ஆண்களுக்கு ரத்தத்தில் பார்க்கச் சொல்லி வைத்தியர்கள் எழுதிக்கொடுப்பது இதே பி.எஸ்.ஏ.தான், புற்றுநோயின் பயத்தோடு மட்டுமே நம் வீடுகளில் உச்சரிக்கப்படும் அந்தப் பெயருக்கு உரிய காரியம் உண்மையில் கட்டவிழ்ப்பது. இன்னும் ஒரு சூட்சுமம்: புராஸ்டேட்டுக்குள் இருக்கும்வரை துத்தநாகம் பி.எஸ்.ஏ.யைச் செயலற்று வைத்திருக்கிறது. கட்டியாக இறுகும் செமினோஜெலினே அந்தத் துத்தநாகத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டு, தன்னை வெட்டப்போகிறதை எழுப்பிவிடுகிறது. வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஓ’ராண்ட் என்பவரின் குழுவினர் 2004-இல் ஆண் குரங்குகளுக்கு எப்பினுக்கு எதிராகத் தடுப்பூசி போட்டார்கள். ஒன்பதில் ஏழுக்கு எதிர்ப்பொருள் மிகுதியாக உண்டாயிற்று, அந்த ஏழும் சந்தானம் உண்டாக்க இயலாமற்போயின. ஊசியை நிறுத்தியபின் ஐந்துக்குத் திறன் திரும்பிற்று. குடும்பக் கட்டுப்பாட்டின் பாரத்தைப் பெரும்பாலும் பெண்களின் வயிற்றிலேயே அறுத்துவைத்திருக்கும் நம் நாட்டில், அணுவைக் கொல்லாமல் அதன் ஓட்டத்தை மட்டும் நிறுத்திவைக்கும் ஆணுக்கான மருந்து ஒன்று இந்த வழியாக வந்தால், அதைவிட நான் வரவேற்கக்கூடியது வேறில்லை.

தடுப்பதற்கும் கொல்வதற்கும் இடையே உள்ள தூரம் காலமொன்றே என்பதை நான் அறிந்தது மாடுகளின் மூலமாக. கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசி போடும்போது பார்த்தவர்களுக்குத் தெரியும்: திரவ நைட்ரஜன் நிரம்பிய கலத்தின் மூடியைத் திறந்ததும் வெண்புகை தரையில் தவழ்ந்திறங்கும், அதற்குள்ளிருந்து உறைவிந்துக் குச்சியை இடுக்கியால் எடுத்து இளஞ்சூட்டு வெந்நீரில் போடுவார் மருத்துவர், கட்டிவைத்த பசு தலையைத் திருப்பித் திருப்பி மருளும். அந்தக் குச்சிக்குள் காளையின் விந்தணுவோடு கோழிமுட்டையின் மஞ்சள் கருவும் கலந்திருக்கிறது. 1940-க்கு முன்பின்னாக அமெரிக்காவில் ஃபிலிப்ஸும் லார்டியும் தொடங்கிவைத்த அந்த வழக்கம் எதனால் பலிக்கிறது என்பது அறுபது ஆண்டுகள் தெளிவாகாமலே பலித்துக்கொண்டிருந்தது. காளையின் விந்துத் திரவத்தில் மிகுதியாக இருக்கும் பி.டி.சி.-109 முதலிய புரதங்கள், வெளிப்பட்ட கணத்தில் அணுவின் சவ்விலுள்ள கொழுப்பைப் பற்றிக்கொண்டு அதை நிலைப்படுத்துகின்றன. பிறகு பசுவின் கருப்பையில் கொலஸ்ட்ராலைச் சிறிது சிறிதாக உருவி அணுவைக் கருவுறுத்தத் தயார்செய்கின்றன. ஆனால் குப்பியில் அடைத்துவைத்தால், உருவுவதை நிறுத்தத் தெரியாமல் உருவிக்கொண்டே போய்ச் சவ்வைப் பாழாக்கிவிடுகின்றன. முட்டை மஞ்சளின் கொழுப்புப் புரதங்கள் அந்தக் கைகளைத் தம்பால் பிடித்துவைத்துக்கொள்வதால்தான் அணு பிழைக்கிறது என்று மான்ட்ரியாலில் மஞ்சுநாத்தின் ஆய்வுக்கூடம் 2004-இல் எடுத்துக்காட்டியது. இதே பி.டி.சி.-109, உருக்குலையத் தொடங்கும் மற்றப் புரதங்களைத் தாங்கிப்பிடித்துக் காப்பாற்றுகிறது என்று 2010-இல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் முஸ்டி ஸ்வாமியின் குழு கண்டிருக்கிறது. ஒரே புரதம், தாங்குவதும் அதுவே, உரிப்பதும் அதுவே. எப்போது எது என்பதை அந்தப் புரதத்துக்குள் தேடினால் கிடைக்காது, அது யாரோடு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதில்தான் தேட வேண்டும்.

இதையெல்லாம் பரிவு என்று அழைக்க எனக்கு ஆசை இருக்கிறது. ஆசைக்கு இடம் கொடுக்கவும் பயமாக இருக்கிறது. பழ ஈக்களிடத்தில் ஆணின் சுரப்பியிலிருந்து வரும் சிறிய புரதம் ஒன்று விந்தணுவின் வாலில் ஒட்டிக்கொண்டு பெண்ணுக்குள் சென்று, நாள்தோறும் சிறிது சிறிதாக அறுந்து கலந்து, அவளை வேறு ஆணை நாடவிடாமல் செய்து, முட்டைமேல் முட்டையாக இடவைக்கிறது. வாலைப் பற்றும் வித்தை ஒன்றுதான். பரிவென்றும் ஆதிக்கமென்றும் பெயர் வைப்பது நாம். மற்றொரு சந்தேகம் இன்னும் கனமானது. 1992-இல் பிரஸ்ஸல்ஸில் பலெர்மோவும் சகாக்களும், ஒற்றை விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்திக் குழந்தைகள் பிறக்கச் செய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே, சுருள்நாளத்தை எட்டிக்கூடப் பார்க்காத அணுக்களை விந்தகத்திலிருந்தே எடுத்து அவ்வாறு செலுத்தி, அவற்றிலிருந்தும் குழந்தைகள் பிறந்தார்கள். அவர்களில் மூத்தவர்கள் இன்று முப்பது வயதை எட்டியவர்கள். அப்படியானால் அந்த 6 மீட்டர் எதற்கு? 2018-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டரில் கோனைனும் ராண்டோவும், நாளத்தின் மேற்பகுதியிலிருந்து எடுத்த சுண்டெலி அணுக்களால் உண்டான கருக்கள் கருப்பையில் ஒன்றியபின் நிலைக்கவில்லை என்றும், சுவரின் குமிழிகள் பின்னால் கொண்டுவந்து சேர்க்கும் குறு ஆர்.என்.ஏ. துணுக்குகளைச் சேர்த்துக் கொடுத்தபோது பிழைத்தன என்றும் எழுதினார்கள். வேறு ஆய்வுக்கூடங்களோ அதே மேற்பகுதி அணுக்களால் ஆரோக்கியமான குட்டிகள் பிறந்தன என்று காட்டின. தகப்பனின் ஆகாரம்கூட அந்தத் துணுக்குகளை மாற்றிவிடுவதாக 2016-இல் சுண்டெலிகளில் கண்டவற்றை நினைத்தால், நாளத்தின் சுவர் தந்தையின் வாழ்க்கையையே அணுவின்மேல் எழுதுகிறதோ என்று பிரமிக்கத் தோன்றுகிறது. எதிர்க்கட்சிக் குட்டிகளை நினைத்தால் அந்தப் பிரமிப்பைக் கொஞ்சம் தள்ளிவைக்கத் தோன்றுகிறது. இரண்டுக்கும் நடுவே என் மனம் ஒரு பக்கமும் சாயாமல் நெடுநேரம் நின்றிருக்கிறது. ஆனால் ஊசி வழியே பிறந்த பிள்ளைகளால் நாளமும் திரவமும் வீண் என்று நிரூபணமாகிவிட்டதாகச் சொல்பவர்களோடு நான் உடன்பட முடியாமல் இருப்பதற்கு, அந்தச் சிகிச்சையின் செய்முறையே காரணம்: திரவம் செய்யும் வேலையை அங்கே ஒரு மனிதக் கை செய்யவேண்டியிருக்கிறது. செலுத்துவதற்கு முன்னால் கருவியலாளர், ஓடித்திரியும் அணுவைப் பாலிவினைல் பைரோலிடோன் என்ற கெட்டித் திரவத்தில் விட்டு அதன் வேகத்தை அடக்குகிறார். பிறகு ஊசியின் நுனியால் அதன் வாலை அடித்தட்டோடு அழுத்தித் தேய்த்து, சவ்வைச் சிதைத்து, அசைவை முற்றிலும் நிறுத்துகிறார். அப்படி நிறுத்தாத அணுவை உட்செலுத்தினால் கருவுறுவது குறைந்துபோகிறது.